கற்பழிப்பு முதல் வன்கொடுமை வரை: பாலியல் வன்முறைச் செய்திகளின் வாக்கிய அமைப்பு

1. முன்னுரை

பெண்கள் மீதான பாலியல் வன்முறையைத் தமிழ் நாளிதழ்கள் எழுதும் முறை கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. முன்பு பெருவழக்காக இருந்த ‘கற்பழிப்பு’ என்னும் சொல், பெண்ணிய இயக்கத்தாரும் எழுத்தாளரும் தொடர்ந்து எதிர்த்து வந்தமையால் பின்வாங்கியுள்ளது. அதனிடத்தில் பாலியல் வன்கொடுமை, பாலியல் வன்முறை, பாலியல் பலாத்காரம், வன்புணர்ச்சி, பாலியல் வல்லுறவு முதலிய தொடர்கள் வழங்குகின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஒரு சொல் போய் மற்றொரு சொல் வந்தது என்ற அளவில் இதனை நோக்குவது மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் போதாது. பெயர்ச்சொல் தான் ஏற்கும் வேற்றுமை, சேரும் வினை, முன்நிற்கும் எச்சம் ஆகியவற்றோடு கூடியே செய்தியாகிறது. இவை பழைய தடத்திலேயே நிற்குமாயின் பழைய கருத்து புதிய பெயரிலும் தொடரும். சில இடங்களில் புதிய பெயர், பழைய பெயரைவிடவும் எளிதாகக் குற்றம் புரிந்தவரை வாக்கியத்திலிருந்து விலக்கிவிடுகிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்குத் தரப்படும் எண்ணிட்ட வாக்கியங்கள் குறிப்பிட்ட ஓர் இதழிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. நாளிதழ் நடையில் நிலைபெற்றுவிட்ட வாய்பாடுகளைக் காட்டுதற்பொருட்டு அமைக்கப்பட்டவை.

2. ‘கற்பழி’ என்னும் கூட்டுவினை

‘கற்பழி’ என்பது ‘கற்பு’ என்னும் பெயரும் ‘அழி’ என்னும் வினையும் இணைந்த கூட்டுவினை. ‘பெண்ணின் கற்பை அழித்தான்’ என்னும் விரிந்த தொடரில் செயப்படுபொருள் கற்பு. பெண் அதற்கு உடைமையாளர் மட்டுமே. கூட்டுவினையாக இணையும்போது கற்பு வினைக்குள் புகுந்துகொள்கிறது. உடைமையாளர் இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளின் இடத்திற்கு வருகிறார்: ‘பெண்ணைக் கற்பழித்தான்’. மேலோட்டமாக நோக்கின் பாதிக்கப்பட்டவர் பெண் எனத் தோன்றும். சொல்லின் உள்ளமைப்பிலோ அழிந்தது அவரிடம் இருந்த ஓர் உடைமை.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவியலை அடுத்துக் கற்பியல் அமைந்துள்ளது. அங்குக் கற்பு என்பது மணவாழ்க்கை நெறி. நெறியை மேற்கொள்பவரே அதனினின்று வழுவ முடியும்; பிறர் வந்து அதனை அழிக்க முடியாது. அச்சொல் பெண்ணுக்கு மட்டும் உரியதாய், அவர் உடலைச் சார்ந்ததாய்ச் சுருங்கிய பின்னரே ‘கற்பை அழித்தல்’ என்னும் தொடருக்கு இடம் உண்டாகிறது.

‘கற்பழிப்பு’ இன்று பிரித்துப் பொருள் காண இயலாத வெறும் பெயராகிவிட்டது. பேசுவோர் எவரும் கற்பை நினைத்து அதனைச் சொல்வதில்லை என்று வாதிடுவோர் உளர். இக்கூற்றைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. சிறுவன் ஒருவன் இத்தகைய வன்முறைக்கு உள்ளாகும்போது ‘சிறுவன் கற்பழிப்பு’ என எவரும் எழுதுவதில்லை. ‘மனைவியைக் கற்பழித்தான்’ என்பதும் தமிழ் வழக்கில் இயல்பாக ஒலிப்பதில்லை. சொல் தன் உறுப்புப் பொருளை இழந்துவிட்டதாயின் இத்தடைகள் இருத்தற்கில்லை. யாரிடம் கற்பு இருப்பதாகச் சமூகம் கருதுகிறதோ, யாரிடம் அதற்கு உரிமை கொண்டாட இயலாத அயலான் ஒருவன் வன்முறை செய்கிறானோ, அங்கு மட்டுமே இவ்வினை பொருந்துகிறது. கணவனுக்கு விலக்களிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டம் 375ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்கு, 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், மனைவி பதினெட்டு வயதிற்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும் என்ற வரையறையுடன் தொடர்கிறது. சொல்லின் பொருள் எல்லையும் சட்டத்தின் எல்லையும் இங்கு ஒன்றாக இருத்தல் நோக்கத்தக்கது.

இக்கருத்தமைப்பு நீதிமன்றங்களிலும் செயற்பட்டுள்ளது. 1972இல் மகாராட்டிரத்தில், காவல் நிலையத்தில் பழங்குடிச் சிறுமி ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமை தொடர்பான வழக்கில், உடலில் காயம் இல்லாமை முதலியவற்றைச் சுட்டி உச்ச நீதிமன்றம் 1978இல் காவலர் இருவரையும் விடுவித்தது. உபேந்திர பக்சி, ரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடலும், அதனையடுத்து எழுந்த இயக்கமும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்கு வழிகோலின. பெண்ணின் ‘ஒழுக்கத்தை’ முன்வைத்து அவர் சாட்சியத்தை மறுக்க இடமளித்த சாட்சியச் சட்டப் பிரிவு 155(4), 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. சட்டம் கைவிட்ட அளவுகோலைச் செய்தி மொழி அதற்குப் பின்னரும் நெடுநாள் தன் பெயர்ச்சொல்லிலேயே சுமந்து வந்தது.

3. அண்டை மொழிகள்

இந்தியின் ‘பலாத்கார்’, மலையாளத்தின் ‘பலாத்சங்கம்’ ஆகியன செயலுக்குக் கருவியான வலிமையைக் கொண்டு பெயர் பெற்றவை. கன்னடத்தின் ‘அத்யாசார’ நெறி மீறலால் பெயர் பெற்றது. தெலுங்கில் ‘அத்யாசாரம்’ என்பதோடு ‘மானபங்கம்’ என்பதும் வழங்குகிறது. ‘கற்பழிப்பு’, ‘மானபங்கம்’ என்னும் இரண்டுமே இழப்பால் பெயர் பெற்றவை. முன்னவை செய்தவனை நோக்குவன. பின்னவை இழந்தவரை நோக்குவன.

எனினும், நல்ல பெயர் அமைந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கும் அண்டை மொழிகளே சான்று. இந்தி நாளிதழ்கள் ‘பலாத்கார்’ என்பதை ஒதுக்கித் ‘துஷ்கர்ம்’, அதாவது தீச்செயல், என்னும் பொதுச்சொல்லை விரும்பி ஆள்கின்றன. மலையாள இதழ்களில் ‘பீடனம்’, அதாவது துன்புறுத்தல், என்னும் சொல் சீண்டல் முதல் கூட்டு வன்புணர்ச்சி வரை அனைத்தையும் குறிக்கலாயிற்று. ஊர்ப்பெயரோடு ‘பீடனக் கேஸ்’ என்பதைச் சேர்த்து வழக்குகளுக்குப் பெயரிடுதலும் அங்கு நிலைபெற்றது. கேட்போர் கூசாதிருக்கத் தேர்ந்தெடுக்கப்படும் பொதுச்சொல், காலப்போக்கில் குற்றத்தின் அளவையே மறைத்துவிடுகிறது. தமிழில் ‘பாலியல் தொல்லை’ என்பதும் இதே வழியில் செல்கிறது.

4. ‘வன்கொடுமை’யும் அதன் வினையும்

பின்வரும் வாக்கியங்களை ஒப்பிடலாம்.

(1) நால்வர் பெண்ணைக் கற்பழித்தனர்.
(2) பெண் நால்வரால் கற்பழிக்கப்பட்டார்.
(3) பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்.
(4) இளம்பெண் பாலியல் வன்கொடுமை: நால்வர் கைது.

‘கற்பழி’ எவ்வளவு குறையுடையதாயினும் அது ஒரு வினை. எழுவாயையும் செயப்படுபொருளையும் வேண்டி நிற்பது. செயப்பாட்டு வாக்கியமாகிய (2)இலும் ‘நால்வரால்’ என்பதற்குரிய இடம் திறந்தே இருக்கிறது. ‘பாலியல் வன்கொடுமை’ என்பதற்குத் தனக்கென வினை இல்லை. ‘செய்’ என்பதைச் சேர்க்கலாம். ஆனால் செய்தி நடை பெரிதும் நாடுவது ‘ஆளாகு’ என்னும் தன்வினையை. நோய்க்கு ஆளானார், துன்பத்திற்கு ஆளானார், கேலிக்கு ஆளானார் என்பவற்றில் போலவே (3)இலும் வினைமுதல் தேவைப்படுவதில்லை. ‘நால்வரால்’ என வலிந்து சேர்க்கலாம் எனினும், சேர்க்காவிடில் வாக்கியம் குறைபட்டதாகத் தோன்றுவதில்லை. கொடுமை எங்கிருந்தோ வர, பெண் அதற்கு ஆளாகிறார்.

தலைப்பு வடிவமாகிய (4)இல் இரு பெயர்கள் உருபின்றி அடுக்கி நிற்கின்றன. அவற்றிடையேயுள்ள உறவு வெளிப்படவில்லை. நால்வர் வாக்கியத்திற்குள் நுழைவதே கைது செய்யப்பட்டவராகத்தான். செய்தி முழுவதிலும் ஒருவர் மற்றொருவரைச் செய்த செயலாக அறியப்படுவது காவல்துறையின் கைது ஒன்றே. தலைப்பின் இடச்சுருக்கம் இதற்குக் காரணம் எனக் கூறுவர். ‘பெண்ணை வன்புணர்ந்த நால்வர் கைது’ என்பதும் அதே அளவினதே.

‘வன்கொடுமை’ என்னும் சொல்லுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. சாதியின் பெயரால் இழைக்கப்படும் குற்றங்களுக்கு ‘வன்கொடுமை’ கலைச்சொல்லாக அப்போதே நிலைபெற்றுவிட்டது. அதே சொல்லைப் பாலியல் குற்றத்திற்கும் ஆள்வதால் விளையும் மயக்கத்தை வாச்சாத்தி வழக்கில் காணலாம். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்து பழங்குடி மக்களைத் தாக்கினர். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. அவர்களுள் வன்புணர்ச்சிக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டோர் 17 பேர். இத்தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று உறுதி செய்தது. இச்செய்தியை ‘வன்கொடுமை வழக்கில் 215 பேருக்குத் தண்டனை’ என எழுதினால் எந்த வன்கொடுமை, யார் எதற்காகத் தண்டிக்கப்பட்டனர் என்பன புலப்படா. இரு குற்றங்களும் ஒரே பெண்ணின் மீது ஒருங்கே இழைக்கப்படும்போதுதான் இரு சொற்கள் மிகவும் தேவைப்படுகின்றன.

குற்றஞ்சாட்டப்பட்டோர் அரசு ஊழியராயின் ‘அத்துமீறல்’ என்னும் சொல்லும் எளிதில் இடம்பெறுகிறது. அத்து என்பது எல்லை. எல்லையை மீறினார் என்றால், அவ்வெல்லைக்குள் அவர்க்கு ஏதோ ஓர் உரிமை இருந்தது என்பதும் உடன் பெறப்படுகிறது.

5. வேற்றுமை உருபுகள்

குழந்தைகள் தொடர்பான செய்திகளில் வேற்றுமை உருபே பொருளை மாற்றிவிடுவதைக் காணலாம்.

(5) மாணவிக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார்.
(6) மாணவியிடம் சில்மிஷம் செய்தார்.
(7) ஆசை வார்த்தை கூறிச் சிறுமியுடன் உல்லாசமாக இருந்தார்.

இரண்டாம் வேற்றுமையாகிய ‘ஐ’ ஏற்ற பெயர், வினையின் பயனை முழுமையாக ஏற்பது. (5)இல் நான்காம் வேற்றுமை வருகிறது. மாணவி பெறுபவர் ஆகிறார். (6)இல் ‘இடம்’ என்னும் உருபால் அவர் செயல் நிகழும் இடமாகிறார். ‘சில்மிஷம்’ என்னும் சொல்லோ குறும்பையும் குற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது. (7)இல் ‘உடன்’ என்னும் உருபு சிறுமியைச் செயலில் பங்கேற்பவராகவே ஆக்கிவிடுகிறது. ‘நண்பருடன் உண்டார்’ என்பதில் நண்பரும் உண்டார் என்பது எவ்வாறு பெறப்படுமோ, அவ்வாறே இங்குச் சிறுமியும் உல்லாசமாக இருந்தார் என்பது பெறப்படுகிறது.

2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் அனைவரும் குழந்தைகள். அவர்தம் இசைவுக்குச் சட்டத்தில் பொருள் இல்லை. சட்டம் இல்லை என்று கூறிய இசைவை ஓர் உருபு மீண்டும் கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்வாக்கியத்தை எழுதும் செய்தியாளர் எவரும் சிறுமிக்குத் தீங்கு நினைப்பவர் அல்லர். வாய்பாடு ஆயத்தமாக இருக்கிறது. அவர் பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுகிறார்.

அதே சட்டம் குற்றங்களை 3, 7, 11 ஆகிய பிரிவுகளில் வெவ்வேறாக வரையறுக்கிறது. 3ஆம் பிரிவுக் குற்றத்திற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் குறைந்த அளவுத் தண்டனை பத்தாண்டு. 7ஆம் பிரிவுக்கு மூன்று முதல் ஐந்தாண்டு. 11ஆம் பிரிவுக்கு மூன்றாண்டு வரை. ‘பாலியல் தொல்லை’ என்னும் ஒரே தொடர் இம்மூன்றையும் குறிக்கும்போது, குழந்தைக்கு நேர்ந்தது என்ன என்பதை வாசகர் தண்டனையின் அளவைக் கொண்டு ஊகிக்க வேண்டியவராகிறார்.

6. எச்சத் தொடர்

தமிழில் ‘செய்து’ வாய்பாட்டு வினையெச்சம் பெரும்பாலும் தன் முடிக்கும் வினையின் எழுவாயையே தானும் கொள்ளும். இவ்விலக்கண நெறி செய்தி நடையில் எதிர்பாராத விளைவை உண்டாக்குகிறது.

(8) இரவில் நண்பருடன் தனியாகச் சென்ற கல்லூரி மாணவி, மர்ம நபர்களிடம் சிக்கிப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்.

இங்கு ‘சென்ற’ என்னும் பெயரெச்சத்தின் வினைமுதல் மாணவி. ‘சிக்கி’, ‘ஆளானார்’ என்பவற்றின் எழுவாயும் மாணவியே. முதலில் மாணவியை எழுவாயாகக் கொண்டுவிட்ட செய்தியாளர், வாக்கியத்தை முறியாது முடிக்க விரும்பின், இறுதி வினையையும் மாணவிக்கு உரியதாகவே அமைக்க வேண்டியுள்ளது. அதற்கு ஆயத்தமாகக் கிடைப்பவை ஆளானார், பலியானார், இரையானார் என்பன. ஒரே எழுவாயின் செயல்கள் நிரல்பட வரும்போது முன்னது காரணமாகவும் பின்னது விளைவாகவும் கொள்ளப்படுதல் இயல்பு. எனவே மாணவி சென்றதன் விளைவாக மாணவிக்கு நேர்ந்தது என்னும் பொருள், எவரும் வெளிப்படையாகக் கூறாமலே அமைந்துவிடுகிறது. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னரே வருதலால், மாணவியைச் சந்திக்குமுன் வாசகர் இரவையும் நண்பரையும் தனிமையையும் சந்தித்துவிடுகிறார். எழுவாயை மாற்றி எழுதின் இக்குறை நீங்கும்.

(9) மாணவியும் நண்பரும் இரவில் நடந்து சென்றுகொண்டிருந்தனர். இருவர் அவர்களை வழிமறித்து, நண்பரைத் தாக்கி, மாணவியை வன்புணர்ந்ததாகக் காவல்துறை வழக்குப் பதிவு செய்துள்ளது.

இங்கு எச்சத் தொடர் அந்த இருவருக்கு உரியதாகிறது. இலக்கணம் அதுவே; தொடங்கும் எழுவாய் வேறு.

(8) போன்ற வாக்கியங்கள் பல, காவல் நிலையத் தமிழிலிருந்து செய்திக்குள் வருவன என்பதும் கருதத்தக்கது. 2024 டிசம்பரில் சென்னையில் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் மாணவி பாலியல் தாக்குதலுக்கு உள்ளாக்கப்பட்ட வழக்கில் முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அக்கசிவைக் கண்டித்து மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டதோடு, அவ்வறிக்கையின் வாசகமே பாதிக்கப்பட்டவரைப் பழிப்பதாக உள்ளது என்றும் குறிப்பிட்டது. ஆவணத்தின் நடையை நீதிமன்றம் குற்றமாகக் கண்டது மொழியியலார் கவனத்திற்குரியது. அறிக்கையின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதும் செய்தியாளர், அதன் நோக்குநிலையையும் சேர்த்தே பெயர்த்தெழுதுகிறார்.

7. ஐயம் எங்கு நிற்பது?

குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றவாளி எனல் ஆகாது. ‘கூறப்படும்’, ‘-ஆக’ முதலியன இதன்பொருட்டே வருகின்றன. இவ்வடைகள் வாக்கியத்தில் எதனைத் தழுவுகின்றன என்பதே வினா.

(10) பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகக் கூறப்படும் பெண்
(11) பெண்ணை வன்புணர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்

(10)இல் ஐயம் பெண்ணின் மீது விழுகிறது. (11)இல் குற்றச்சாட்டின் மீது நிற்கிறது. சட்டம் வேண்டும் எச்சரிக்கைக்குப் பின்னதே போதுமானது. ஆங்கிலச் செய்திகளைப் பெயர்ப்போர் அம்மொழியின் ஒற்றை அடைச்சொல்லைக் கண்டவுடன் ‘கூறப்படும்’ என எழுதிவிடாது, அது தமிழில் யாரைச் சென்று சேர்கிறது என்று நோக்குதல் வேண்டும்.

குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குறிக்கும் பெயர்கள் இரு எல்லைகளில் நிற்கின்றன. ‘வாலிபர்’, ‘இளைஞர்’ என்பன குற்றத்தை வயதின் இயல்பாகக் காட்டுவன. ‘காமுகன்’, ‘காமக்கொடூரன்’, ‘மனித மிருகம்’ என்பன தீர்ப்புக்கு முன்னரே தீர்ப்பளிப்பதோடு, அவரை மனித இனத்திற்கும் நமது தெருவிற்கும் அப்பால் நிறுத்திவிடுகின்றன. உண்மை நிலை வேறு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ஆம் ஆண்டிற்குத் தரும் கணக்கின்படி நாட்டில் பதிவான வன்புணர்ச்சி வழக்குகள் 31,516. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வழக்குகளில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர்; உறவினர், அயலார், நண்பர், பணியளிப்பவர் ஆகியோர் அவருள் அடங்குவர். ‘மிருகம்’ என்னும் சொல்லுக்குப் பழகிய வாசகர், வீட்டிற்கு வந்து செல்லும் உறவினரை அச்சொல்லோடு பொருத்திப் பார்க்க மாட்டார்.

8. மறைத்த பெயரும் வெளிப்படும் அடையும்

1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 228அ பிரிவு பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதலைத் தடை செய்தது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவாக உள்ளது. நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 11 அன்று, பெயரை மட்டுமன்றி, தொலைவாகவேனும் அடையாளம் காண உதவும் எச்செய்தியையும் வெளியிடலாகாது எனத் தெளிவுபடுத்தியது. நாளிதழ்கள் பெயரைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. ஆனால் ‘இன்ன ஊரைச் சேர்ந்த இன்ன தொழிலாளியின் மகளும் இன்ன பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிப்பவருமான’ என்னும் அடைத்தொடர், சிற்றூரில் பெயரைக் காட்டிலும் துல்லியமாக ஆளைக் காட்டிவிடும். மேலே சுட்டிய 1972ஆம் ஆண்டு வழக்கு சட்ட ஏடுகளில் காவலர் பெயரால் பதிவாகியிருந்தும், பொது வழக்கில் இன்றும் அச்சிறுமியின் பெயராலேயே அறியப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கது.

9. முடிவுரை

உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் பாலின முன்முடிவுகளுக்கு எதிரான கையேடு ஒன்றை வெளியிட்டது. தவிர்க்க வேண்டிய சொற்களையும் மாற்றுச் சொற்களையும் இணை இணையாகத் தரும் பட்டியல் அதன் ஒரு பகுதி. இத்தகைய பட்டியல்கள் பயனுடையவை. ஆனால் தமிழில் பொருள் வேற்றுமை உருபிலும் எச்சத்திலும் வினையின் வகையிலும் பெரிதும் தங்கியிருத்தலால், பெயர்ச்சொற்களை மட்டும் கொண்ட பட்டியல் நமக்குப் பாதி உதவியே செய்யும்.

பொதுப்பெயராகப் ‘பாலியல் வன்முறை’யும், சட்டம் வரையறுக்கும் தனிக் குற்றத்திற்கு ‘வன்புணர்ச்சி’யும், ஏனைய உடல்சார் குற்றங்களுக்குப் ‘பாலியல் தாக்குதல்’, ‘பாலியல் துன்புறுத்தல்’ என்பனவும் பொருந்தும். ‘வன்புணர்ச்சி’யில் ‘புணர்ச்சி’ என்னும் அகப்பொருள் சொல் நிற்பது குறை எனலாம். இலங்கைத் தமிழில் நிலைபெற்ற ‘பாலியல் வல்லுறவு’ என்பதற்கும் ‘உறவு’ என்பதால் அதே குறை உண்டு. எனினும் முன்னதற்கு ‘வன்புணர்’ என ஐகாரம் ஏற்கும் வினை இருத்தல் பெரும் பயன். ‘வன்கொடுமை’யை 1989ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உரியதாக விட்டுவிடலாம்.

செய்தியாளர்க்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்க்கும் உருவாக்கப்படும் கலைச்சொல் தொகுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு செய்திகளைத் தருதல் வேண்டும்: பெயர் வடிவம், அதற்குரிய வினை, அவ்வினை வேண்டும் வேற்றுமைகள், அது சுட்டும் சட்டப் பிரிவு. ‘சிறுமியுடன்’ என்பதற்கும் ‘சிறுமியை’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு அத்தொகுதியில் விளக்கப்பட வேண்டும். இன்று அதனை விளக்கும் பொறுப்பு, நாள்தோறும் இரவில் பக்கம் முடிக்கும் துணையாசிரியரின் தனிப்பட்ட மொழியுணர்வுக்கே விடப்பட்டுள்ளது.